பாலத்தின் மேலே மட்டும் காற்று

அந்தக் கோடையில் எங்கள் பகுதிக்குச் சாயங்காலம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. வெயில் இறங்கும், வெக்கை இறங்காது. பகல் முழுக்கச் சூடு குடித்த சுவர்கள் ஐந்து மணிக்கு மேல்தான் அதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். மரத்தில் ஓர் இலை அசையாது. கொடியில் போட்ட துணி காய்ந்ததா இல்லையா என்று தொட்டுப் பார்த்தும் சொல்ல முடியாது. குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் முதுகு மறுபடி நனைந்துவிடும். போதாக்குறைக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த குப்பைமேட்டில் எந்நேரமும் ஏதாவது ஒரு மூலை புகைந்துகொண்டிருந்தது. மற்ற மாதங்களில் அந்தப் புகையைக் காற்று எங்காவது கொண்டுபோய்விடும். அந்தக் கோடையில் அதற்கும் போக்கிடம் இல்லை. பொழுது சாயும்போது தெருவுக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.

முச்சந்தியில் ஒரு மின்பலகை வைத்திருந்தார்கள். காற்று எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எண்ணிலும் நிறத்திலும் அது காட்டும். பல வாரமாகச் சிவப்புதான். பச்சை பல்பு பியூஸ் போயிருக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

நாங்கள் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். மொட்டை மாடியில் பாதி இடத்தை அடைத்துக் கட்டிய இரண்டு அறைகளில் டிரைவர் குடும்பம். டிரைவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர், மதியத்திலிருந்து இரவுவரை ஷிப்ட். அவர் மனைவி கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். முப்பத்தைந்து வயதிலும் அவளுடைய அப்பா அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டதால் எங்களுக்கும் அவள் பாப்பாதான். அந்த அப்பா மாவுமில் வைத்திருந்தவர். கோதுமையும் மிளகாயும் அரைத்துக் கொடுத்தே மூக்கு முதல் நுரையீரல்வரை மாவு படிந்துவிட்டது. மில்லை விற்றாயிற்று, மூச்சிரைப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது. பின்பனிக் காலத்தில்தான் அவரை இங்கே அழைத்து வந்திருந்தார்கள்.

அவரை அழைத்து வந்ததே பெரிய விஷயம். பாப்பா தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவர் டிரைவர். மில்காரர் வேறு ஓர் இடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் கத்தவில்லை, சாபம் விடவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மகள் போனால் சாப்பாடு போடுவார், மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பாப்பாவின் அம்மா இறந்தபோது டிரைவர் போய்த் தெருவில் நின்ற கூட்டத்தோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மில்காரரின் மகன் கடலோரத்தில் ஓர் ஊரில் வேலையில் இருந்தான். தனியாகக் கிடந்து இரைத்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் ஒருநாள் பாப்பா போய் நின்று பையைக் கட்டச் சொன்னாள். அது உன் புருஷன் வீடாயிற்றே என்றாராம். அவர்தான் ஆட்டோ பிடித்து அனுப்பினார் என்று அவள் சொன்ன பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாராம்.

வந்தவர் மருமகனோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. பேசினார், பாப்பா வழியாக. மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். "ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிக்கச் சொல்லு, அவருக்கு வேர்க்குது" என்பார் மில்காரர். டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார். "வேணாம்னு சொல்லு, எனக்குப் பழக்கம்தான்" என்பார் இவர். நடுவில் பாப்பா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருப்பாள். மற்ற வீடுகளில் தபால்காரர் வாசலோடு போய்விடுகிறார், இந்த வீட்டில் அவருக்குச் சமையலும் சேர்த்து வேலை என்று ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

கோடை முற்றியதும் சிரிப்பு குறைந்தது. அந்த மாடி அறையில் ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் அடுப்பு. ஈரத் துணியை ஜன்னலில் கட்டிப் பார்த்தாள். காற்றில் ஏற்கெனவே அவ்வளவு ஈரம், துணி காயவும் இல்லை, குளிரவும் இல்லை. காலையிலும் மதியத்திலும் மில்காரர் ஒருமாதிரி சமாளித்துக்கொள்வார். ஆறு மணி வாக்கில், காற்று செத்துப் புகை இறங்குகிற நேரத்தில்தான் நெஞ்சு இழுக்கும். அந்த நேரத்தில் வீட்டில் அவர் தனி. பாப்பாவுக்குக் கடை, டிரைவருக்கு வண்டி.

ஒருநாள் பாப்பா வேலை முடித்து வந்தபோது அப்பா குளியலறைத் தரையில், திறந்துவிட்ட குழாயின் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் மூச்சு மருந்தடிக்கிற பஃப் இருந்தது. அதை அழுத்தக்கூட விரலில் தெம்பு இல்லை.

அன்று ராத்திரி அவள் வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். டிரைவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். பிறகு, நாளையிலிருந்து மாமா என் வண்டியில் வந்து உட்காரட்டும் என்றார். ஓடுகிற வண்டியில் காற்று வராமல் போகாது. அவருடைய தடம் முச்சந்தியிலிருந்து கிளம்பிப் பாலத்தைத் தாண்டி ஏரிக்கரையில் முடிகிறது. பாலத்தின் மேலே எப்போதும் கொஞ்சம் காற்று உண்டு. ஏரிக்கரையில் புகையே கிடையாது.

கொதிக்கிற இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று அவரிடம் சொல்லு, என்றார் மில்காரர் மகளிடம். முன் வாசலை ஒட்டி ஒற்றை சீட் ஒன்று இருக்கிறது, அங்கே இன்ஜின் சூடு வராது, காற்று நேராக முகத்தில் அடிக்கும் என்று சொல்லு, என்றார் டிரைவர். பாப்பா எதையும் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அப்பாவுக்குச் சட்டையை எடுத்து வைத்தாள்.

இப்படித்தான் மில்காரர் அந்தி வண்டியின் அன்றாடப் பயணி ஆனார். பாப்பா மாலை டீ நேரத்தில் ஓடி வந்து அவரை முச்சந்தியில் ஏற்றிவிட்டுப் போவாள். கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் பஃப். வண்டி ஏரிக்கரைக்கும் முச்சந்திக்கும் போய்ப் போய் வரும். அவரும் கூடவே போய்ப் போய் வருவார். ஓசியில் வரமாட்டேன் என்று முதல் நாளே கண்டக்டரம்மாவிடம் டிக்கெட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கண்டக்டரம்மாவுக்கு அந்தத் தடத்தில் விசிலக்கா என்று பெயர். அவர் ஊதினால் இரண்டு ஸ்டாப் தாண்டி நிற்கிறவனும் ஓடி வருவான். பாப்பா செய்துவந்த வேலை இப்போது அவர் தலையில் விழுந்தது. "பிரேக்கை இன்னும் கொஞ்சம் பூப்போல போடச் சொல்லும்மா" என்று மில்காரர் மெதுவாகச் சொன்னால் விசிலக்கா அதைப் பின்சீட்டுவரை கேட்கும்படி சொல்வார். "கியர் பாக்ஸ் பழசு, நான் என்ன பண்ணட்டும்னு கேளுங்க" என்று கண்ணாடியைப் பார்த்தபடி பதில் வரும். வழக்கமாக வருகிறவர்களுக்கு இது பழகிப்போய், அக்கா சில்லறை கொடுத்துக்கொண்டு தூரத்தில் இருந்தால் யாராவது ஒரு பயணியே நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிவிடுவார்.

வாய் இப்படி இருந்தாலும் கண் சும்மா இருக்கவில்லை. ஒற்றை சீட்டிலிருந்து பார்த்தால் டிரைவரின் இடது தோளும் ஸ்டியரிங்கும் தெரியும். இன்ஜின் மூடியின் சூட்டில் அவர் இடது கால் பேன்ட் நிறம் மாறியிருந்தது. வளைவில் வண்டியைத் திருப்பும்போது முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டு எலும்பு தெரிந்தது. வியர்வை காய்ந்த இடமெல்லாம் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. தடியூன்றி நிற்கிறவர்களைக் கண்டால் ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்தாமல், படி அவர்கள் காலடிக்கே வரும்படி கொண்டுபோய் நிறுத்துவார். மில்காரர் அதையெல்லாம் பார்த்தார்.

ஏரிக்கரையில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். டிரைவர் டீ வாங்கி ஒன்றை அவரிடம் நீட்டுவார். இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு குடிப்பார்கள். தண்ணீரின் மேல் தவழ்ந்து வருகிற காற்றில் மில்காரரின் நெஞ்சு மெல்ல மெல்ல இறங்கும். ஒருநாள் டிரைவர் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது, தன் சீட்டில் கிடந்த கழுத்துத் துண்டு குழாயில் நனைத்துப் பிழிந்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. விசிலக்காவைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார். ஒற்றை சீட்டில் இருந்தவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அப்படியே ஓட்டியிருந்தால் கோடை கழிந்திருக்கும். ஆனால் ஒரு மாலை, வானம் ஈயப் பாத்திரத்தைக் கவிழ்த்ததுபோல மூடியிருந்தது. மழை வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பதிலாகப் புழுக்கம்தான் வந்தது. முச்சந்திப் பலகை சிவப்பைத் தாண்டி, கருஞ்சிவப்பாக ஒரு நிறம் காட்டியது. வண்டி பாலத்தின் அடிவாரத்துக்கு வந்தபோது முன்னால் எல்லாம் நின்றுபோயிருந்தது. வலது பக்கம் குப்பைமேடு. அன்று அது ஒரு மூலையில் மட்டும் புகையவில்லை, நெடுக எரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்றத்தோடு சாம்பல் பூச்சிகளாகப் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டியது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான வண்டிகள் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தன.

என்னவென்று பார்த்து வர விசிலக்கா இறங்கி முன்னால் நடந்தார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னல்களை மூடச் சொன்னார். மூடினால் உள்ளே வெந்தது. திறந்தால் இருமல். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு விசிறிக்கொண்டார்கள்.

இன்ஜின் மூடியின் மேல் யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். டிரைவர் திரும்பினார். மில்காரர் சீட்டிலிருந்து சரிந்து முன்னால் வந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பஃப் காலடியில் கிடந்தது. யாரிடம் சொல்லச் சொல்வது என்று அவர் கண் ஒருதரம் தேடியது. நடுவில் யாரும் இல்லை.

"தம்பி… முடியல" என்றார்.

டிரைவர் தாண்டி வந்து அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். பஃப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினார், மறுபடி அழுத்தினார். மூச்சு உள்ளே போகவே இல்லை. காய்கறிக்காரம்மா ஒருத்தி கூடையின் மூடியால் விசிற ஆரம்பித்தாள். அதற்குள் விசிலக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். பாலத்து உச்சியில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டாயிற்று. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து லாரிவரை வந்துவிடுவார்கள். இந்தப் பக்கம் இறங்க வழியே இல்லை.

டிரைவர் சாவியை உருவி விசிலக்கா கையில் கொடுத்தார். வண்டியை விட்டு டிரைவர் நகரக்கூடாது என்பது சட்டம், அது இருவருக்கும் தெரியும். பின்னால் இருந்து ஒருவர், நீங்க போங்க, வண்டியை நாங்க பாத்துக்கறோம் என்றார். இரண்டு பேர் தூக்கிவிட, டிரைவர் மாமனாரை முதுகில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார்.

வண்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற அளவுக்குத்தான் இடம். சைலன்சர்கள் முழங்காலில் ஊதின. விசிலக்கா முன்னால் போய் விசிலை ஊதினார். கார்க் கண்ணாடிகளைத் தட்டி, இன்ஜினை அணைங்க, மூச்சு முட்டுறவரைக் கொண்டுபோறோம் என்று சொல்லிக்கொண்டே ஏறினார். முதல் கார்க்காரர் விழித்தார், பிறகு முதுகில் இருந்தவரைப் பார்த்து அணைத்தார். அடுத்தது ஒரு வேன். அதற்கடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம். விசில் மேலே ஏற ஏற, ஒவ்வொரு வரிசையாகச் சத்தம் அடங்கிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சரிவு முழுவதிலும் டிரைவரின் செருப்புச் சத்தமும் மில்காரரின் நெஞ்சில் கீச்சிட்ட சத்தமும்தான் கேட்டன. பாதி ஏற்றத்தில் விசிலக்கா வண்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

டிரைவரின் பிடி நழுவியது. நின்று குலுக்கிச் சரிசெய்தார்.

"கீழ… புடிக்காத" என்றது காதுக்கருகில் இருந்த குரல். "மேல… ஏத்து. மூட்டை… தூக்கினதில்லையா?"

"பேசாதீங்க மாமா. மூச்சை மிச்சம் புடிங்க."

சொன்னபடி மேலே ஏற்றிக்கொண்டபோது நிஜமாகவே பாரம் குறைந்தது. காலம் முழுக்க மூட்டை தூக்கியவர் சொன்ன சூட்சுமம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி குரல் வந்தது.

"வண்டிய விட்டுட்டு… வந்துட்டியே. வேலை… போயிடாதா?"

"வண்டி எங்கயும் போகாது மாமா. போக வழியிருந்தா நாம ஏன் நடக்கறோம்?"

முதுகில் ஏதோ குலுங்கியது. சிரிப்பா இருமலா என்று டிரைவருக்குத் தெரியவில்லை.

உச்சிக்கு வந்ததும் நெற்றியில் சில்லென்று பட்டது. பெரிய காற்று ஒன்றுமில்லை. ஆற்றின் மேலே நீளவாக்கில் ஊர்ந்து வருகிற சின்னக் காற்று. சாய்ந்து நின்ற லாரியின் சக்கரத்தில் அவரைச் சாய்த்து, சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு, டிரைவர் எதிரில் குந்தி உட்கார்ந்துகொண்டு தன் மூச்சையே அடக்கிக்கொண்டு பார்த்தார். லாரிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தார். கீச்சிட்ட சத்தம் நிற்கவில்லை, ஆனால் இடைவெளி விட ஆரம்பித்தது. ஆம்புலன்சின் விளக்கு அந்தப் பக்கச் சரிவில் ஏறி வருவது தெரிந்தபோது மில்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் வைத்த பிறகும் விடவில்லை. அப்படியே அவரும் ஏற வேண்டியதாயிற்று.

பாப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது கட்டிலுக்கு அந்தப் பக்கம் டிரைவர் யூனிபாரத்தோடு உட்கார்ந்திருந்தார். அப்பா முகத்தில் மாஸ்க்கோடு அவருக்கு ஏதோ ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். என்னவாம் என்று அவள் கேட்டாள். வண்டி டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறார் என்றார் டிரைவர்.

வண்டி போய்ச் சேர்ந்திருந்தது. டிப்போவில் விளக்கம் எழுதி வாங்கினார்கள். அந்தி ஷிப்டிலிருந்து எடுத்துக் காலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். தண்டனை என்றார்கள். அதனால் சாயங்காலங்களில் டிரைவர் வீட்டிலிருக்க முடிந்தது. மில்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலை நகர்த்திப் போட்டு, மாமனார் முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, புகை இறங்கும் நேரத்தில் அவர் கூடவே உட்கார்ந்திருப்பார். இருவரும் அச்சு முறிகிற லாரிகளைப் பற்றியும், கோதுமையில் ஈரம் இருந்தால் மில் கல் எப்படித் திணறும் என்பதைப் பற்றியும் பேசுவது கீழேவரை கேட்கும்.

அப்போதுதான் டாக்டர் அதைச் சொன்னார். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது. மழை பிடிக்கும்வரை இந்தக் காற்றில் இவர் இருக்கக் கூடாது. கடலோர ஊரிலிருந்து மகன் வந்தான். என்னோடு வாங்கப்பா, அங்கே வீட்டுக்குள் காற்று அலையும் என்றான். மில்காரர் எனக்கு இங்கேயே பழகிவிட்டது என்று சுவரைப் பார்த்துக்கொண்டார். பாப்பாவுக்கும் அனுப்ப மனமில்லை. முடிவாக அனுப்பலாம் என்றது டிரைவர்தான்.

அன்று மொட்டை மாடியில் அவர்கள் பேசியது எனக்கே கேட்டது. துணி எடுக்க நானும் மேலே போயிருந்தேன்.

"இத்தனை வருஷம் பேசல. இப்பத்தான் ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சீங்க" என்றாள் பாப்பா. "உடனே அனுப்பிவிடணுமா உங்களுக்கு?"

டிரைவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அது இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

"பேச ஆரம்பிச்சதாலதான் சொல்றேன். அன்னிக்கு அவரோட மூச்சு என் காதுகிட்ட நின்னு நின்னு வந்துச்சு. நீ அதைக் கேக்கல. நான் கேட்டேன்."

அவள் அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். நான் துணியை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

மில்காரர் கிளம்புகிற அன்று காரின் கதவைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம், மழை பிடித்ததும் சொல்லிவிட வேண்டும் என்றார். சொல்கிறேன் மாமா என்றார் இவர். மறக்காமல் சொல்ல வேண்டும் என்றார். மகன் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் கதவு சாத்தப்பட்டது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் போன் வரும். பாப்பா எடுத்தால் சாப்பாடு, உடம்பு எல்லாம் விசாரித்துவிட்டு, மாப்பிள்ளையிடம் கொடு என்பார். இங்கே காற்று எப்படி என்று பாப்பாவிடம் கேட்கவே மாட்டார். அவள் ஆசையில் பரவாயில்லை அப்பா, வாங்க என்று சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். டிரைவர் முச்சந்திப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து உள்ளதை உள்ளபடி சொல்வார். இன்றும் சிவப்புதான் மாமா, இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருங்க. சரி என்று ஒரு குரல். அந்தச் சரியில் நாளுக்கு நாள் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது.

ஒருநாள் இடி இடித்துக் கதவெல்லாம் அடித்துக்கொண்டது. அப்பாவைக் கூப்பிடப் பாப்பா போனை எடுத்துவிட்டாள். டிரைவர் அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார். இது சும்மா ஆசை காட்டுகிற காற்று என்றார். அப்படியே ஆயிற்று. நாலு தூறல் போட்டுப் புழுதியைக் கிளப்பியதோடு சரி.

நிஜமான மழை வந்தபோது சத்தமே இல்லாமல் வந்தது. மதியத்திலிருந்தே கொடியில் துணி லேசாக அசைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் எங்கோ தூரத்து ஈர மண் வாசம் முன்னால் வந்தது, பின்னாலேயே சீராக மழை. தெருவில் எல்லாரும் வாசலில் வந்து நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பாப்பா படியில் நின்று போனை நீட்டினாள். டிரைவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டு, மழையிலேயே இறங்கி நடந்தார்.

நேராகப் பாலத்தடிக்குப் போனார். குப்பைமேட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தார். கரிய தண்ணீர் ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கேயாவது ஒரு நூல் புகை தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். எதிரே மூடியிருந்த ஒரு கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்று போனை எடுத்தார். அங்கே மணி ஒரு தரம்கூட முழுசாக அடிப்பதற்குள் மில்காரர் எடுத்துவிட்டார்.

"மாமா, குப்பைமேட்டுக்கிட்ட நின்னு பேசறேன். சுத்திப் பாத்துட்டேன். பொட்டுப் புகை இல்ல."

"நனைஞ்சுட்டா நிக்கற?" என்றார் மில்காரர்.

"ஆமா மாமா."

"மூச்ச நல்லா இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவ இழு. நான் கேக்கறேன்."

டிரைவர் போனை வாய்க்கருகில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அடிவயிறுவரை இழுத்து நிதானமாக விட்டார். ஈரமும் மண்ணும் குளிரும் உள்ளே இறங்கின. காதில் போனை வைத்தபோது அந்தப் பக்கமிருந்தும் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. இழுப்பு இல்லை, கீச்சு இல்லை. முழு மூச்சு.

"சரி மாப்ள" என்றார் அவர். "பையை எடுத்து வைக்கிறேன்."